பீடத்துப் படத்தில் அம்மா

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அந்தப் பெண்ணை எல்லோரும் ‘உடும்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அப்படிக் கூப்பிட்டால் கோபமும் வராது.

அவளைப் பெற்ற கையோடு தாய் கண்ணை மூடிவிட்டாள். வீட்டிலிருந்த புகைப்படங்களை வெள்ளம் கொண்டுபோனது. ஐம்பதைத் தாண்டியும் பெற்றவளின் முகம் அவளுக்குத் தெரியாது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் சித்தி வாயைத் திறந்தாள்.

“உங்கம்மா முகம் ஒரு இடத்துல இருக்குடி. பழைய தேவாலயத்துப் பீடத்துக்கு மேல ஒரு பெரிய படம் இருந்துது. இயேசுவோட கல்லறைக்குத் தைலம் எடுத்துட்டுப் போற மூணு பொண்ணுங்க. நடுவுல நிக்கிறவ அவதான். ஓவியர் அவளை நிக்க வெச்சு வரைஞ்சார்.”

“இத்தனை வருஷம் ஏன் சித்தி மறைச்சீங்க?”

“உங்கப்பா சத்தியம் வாங்கிட்டார். புள்ள படத்தையே பாத்து ஏங்கிப்போயிடும்னு அவருக்குப் பயம்.”

சாலையை அகலப்படுத்தியபோது அந்தத் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். படம் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. மறுவாரமே கணவனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். கீழ்த்தளம் முழுக்க மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பானைகளும் எலும்புகளும். திருவுருவங்களும் படங்களும் மாடியில். மாடிப்படியிலோ கயிறு கட்டியிருந்தது.

“கூரை ஒழுகுதும்மா. வேலை நடக்குது. திறக்க மாசக்கணக்காகும்” என்றார் காவலர்.

அடுத்த முறையும் அதே பதில். மூன்றாவது முறை விடுப்பு எடுத்து, சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, படிக்கட்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். பைக் மெக்கானிக்கான கணவன் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த எலும்புக்கூட்டைக் காட்டினான்.

“இவரும் மாடியப் பாக்கணும்னு வந்து உக்காந்தவர்தான் போலிருக்கு.”

“நீங்க வேணா போங்க. நான் பாத்துட்டுத்தான் வருவேன்.”

அவன் போகவில்லை. முணுமுணுத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தான்.

மதியம் அருங்காட்சியக அதிகாரி கீழே வந்தாள். கண்ணாடி போட்ட இளம்பெண். அவளைக் கண்டதும் உடும்பு எழுந்து வழியை மறித்தாள்.

“மேடம், மேல எங்கம்மா இருக்காங்க. ஒரு தடவை பாக்கணும்.”

அதிகாரி திகைத்துப் போனாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தாள்.

“சாரம் கட்டியிருக்கும்மா. ஏதாவது தலையில விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்.”

“விழாத மாதிரி பாத்து வரேன். இல்லேன்னா நாளைக்கும் வருவேன்.”

மிரட்டல் இல்லை, உள்ளதைச் சொன்னாள். அதிகாரிக்கும் அது புரிந்தது. வேலையாட்களிடமிருந்து ஹெல்மெட் வாங்கி இருவருக்கும் மாட்டிவிட்டு, தானே மேலே கூட்டிப் போனாள்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் சாய்த்து, துணியால் மூடியிருந்தார்கள். அதிகாரி துணியை விலக்கினாள். பீடத்துக்கு மேலே எட்டாத உயரத்தில் தொங்கிய முகம் இப்போது உடும்பின் முகத்துக்கு நேராக நின்றது. ஜாடியை இடுப்போடு அணைத்திருந்த ஒரு சின்னப் பெண். மாநிறம், அகன்ற நெற்றி, எங்கேயோ அவசரமாகப் போகிற பார்வை.

அவளுக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

“நம்ம பொண்ணை விடச் சின்னவங்களா இருக்காங்க” என்றாள் கணவனிடம். “என் சாயல் துளியும் இல்ல. நான் அப்படியே அப்பாவ உரிச்சு வெச்சிருக்கேன்.”

கூரை வேலை முடிந்து மாடியைத் திறந்ததும், முட்டி வலியோடு முனகிய சித்தியைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் மேலே கூட்டி வந்தாள். சித்தி படத்தை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“மூக்கு அவளோடது இல்ல. அந்த மனுஷனுக்கு மூக்கே வரையத் தெரியாது.”

“அப்ப எப்படி இருக்கும்? சரியாச் சொல்லுங்க.”

“கொஞ்சம் மழுங்கலா இருக்கும். சிரிச்சா ரெண்டு பக்கமும் விரியும். அவ சிரிப்பு இருக்கே, ஊரையே கூட்டிடும்…”

உடும்பு சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க சித்தி. சாத்துற வரைக்கும் நேரம் இருக்கு.”