மணலில் ஊன்றிய கால்

நூறு சிசி வண்டி, முந்நூற்றைம்பது சிசி வண்டி, இரண்டையும் வைத்து ஓட்டியவன் என்பதால் ராமநாதபுரத்தில் எங்கள் தெரு டீக்கடையில் என்னிடம் இதைக் கேட்காத ஆள் இல்லை. "அண்ணே, பெரிய இன்ஜின்தானே நல்லது? சொல்லுங்க, எடுத்துருவோமா?" கேட்கிறவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரியும். நான் எடு என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. டீயை ஆற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். பதில் சொல்ல ஆரம்பித்தால் அது என் மனைவியின் வலது கணுக்காலில்தான் போய் முடியும்.

வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டரில் ரீடிங் எடுப்பது என் வேலை. கருவேலங்காட்டுக்கு நடுவே போகும் ஒற்றை ரோடுகள், கடலோரத்தில் மீன்பிடிக்கிறவர்கள் இருக்கும் குடியிருப்புகள் என்று பதினாறு வருடம் ஒரே நூறு சிசி வண்டியில் சுற்றினேன். நாற்பதைத் தாண்டினால் கண்ணாடி நடுங்கும். ஐம்பதைத் தாண்டினால் நானே நடுங்குவேன். ஆனாலும் ஒரு நாள்கூட அது என்னை நடுவழியில் விட்டுவிட்டு உட்கார்ந்ததில்லை.

வேலை நேரம் போக மீதி நேரம் அந்த வண்டி எனக்கும் என் மனைவிக்கும் பொது. எங்கள் வீட்டில் அம்மா, அய்யா, தம்பி, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். இருப்பதோ இரண்டு அறை. புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாத வீடு. அதனால் அபிராமத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போதும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் வண்டியிலேயே பேசிக்கொள்வோம். ஒரு பக்கமாக உட்கார்ந்து, வலது கையை என் தோளில் போட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு பேசுவாள். அவள் அப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரை மணிக்கு நின்றால் ராத்திரி வரைக்கும் நிற்கிற வேலை. அறுபது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒரு ஜாக்கெட் பிட்டோடு போன மகராசி, மேனேஜரின் இருமல், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்து கடையிலேயே சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் என்று எல்லாம் அந்த சீட்டில்தான் எனக்குத் தெரியவரும். நான் 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டுவேன். கொஞ்ச நேரம் 'ம்' வரவில்லையென்றால் தோளில் ஒரு கிள்ளு விழும்.

"கேக்குறீகளா, இல்லையா?"

"கேக்குது, சொல்லு."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் அழுததும் அந்த சீட்டில்தான். முதுகில் ஈரம் பட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் மெதுவாக ஓட்டினேன். வேறு எங்கே வைத்து அழுவாள்?

பெரிய வண்டி ஆசை எனக்குப் பாம்பன் பாலத்தில் வந்தது. ஒரு ஆடி மாதம், ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பாலத்தின் மேல் குறுக்கே அடித்தது. வண்டி எங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போய், எதிரே வந்த பஸ்ஸை உரசப் பார்த்தது. அவள் பயத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்துக் கடலுக்குப் போனது. அதே நேரத்தில் வெளியூர்ப் பையன்கள் பத்துப் பேர் பெரிய பெரிய வண்டிகளில் ஒரு ஆட்டமும் இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனார்கள். வண்டி கனமாக இருந்தால் காற்று ஒன்றும் செய்யாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அது பொய்யும் இல்லை.

அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் வாங்குகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை. எனக்கு நாற்பத்து மூன்று வயது, உச்சந்தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. டீக்கடை வாசலில் அந்த 'டுப் டுப்' சத்தத்தோடு போய் நிற்க வேண்டும் என்பது மீதிப் பாதி. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் புதுவண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீங்க போற ரோட்டுக்கு இது மூணாவது கியரையே தாண்டாதுண்ணே. எதுக்கு?" என்றான். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், பாலத்தில் அந்த வண்டி ஆடவில்லை. மதுரை ரோட்டில் போனால் முதுகு வலிக்கவில்லை. லாரியைத் தாண்டும்போது சாமியைக் கும்பிட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நான் மாதத்துக்கு எத்தனை தடவை பாலத்துக்குப் போகிறேன், எத்தனை தடவை மதுரைக்குப் போகிறேன்? என் ரோடு கருவேலமுள் ரோடு. சின்ன வண்டியில் முள் ஏறினால் உருட்டிக்கொண்டே பஞ்சர் கடைக்கு வந்துவிடுவேன். இதில் ஒரு நாள் பின் டயரில் முள் ஏறியபோது ஒரு பர்லாங் தள்ளுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கி, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நூற்றுத் தொண்ணூறு கிலோ. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து தள்ளிவிட்டார்கள். "இம்புட்டுப் பெரிய வண்டிய வச்சுக்கிட்டு ஏன்யா இங்கன வாரீக?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

என் மனைவி குள்ளம். அந்த சீட்டில் ஏற அவளால் முடியவில்லை. ரோட்டோரத்தில் வாய்க்கால் பாலத்துக் கட்டை எங்கே இருக்கிறது என்று தேடி அதை ஒட்டி நிறுத்துவேன், கட்டை மேல் நின்று ஏறுவாள். தெருவில் பார்க்கிற பெண்கள், "அம்பாரி கிளம்பிருச்சு" என்று கேலி செய்தார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் மெக்கானிக்கிடம் சமாதானமாகப் போய், இடது பக்கத்தில் அவள் மிதித்து ஏறுவதற்கும் கால் வைத்துக்கொள்வதற்கும் தோதாக ஒரு இரும்புப் படியை அடித்துப் பொருத்தச் சொன்னேன். நல்ல கனமான பட்டை. பெண்டாட்டிக்காக இவ்வளவு பார்க்கிறவன் யார் இருக்கிறான் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வண்டியில் பேச்சு கேட்காது. இன்ஜின் சத்தம், அதற்கு மேல் காற்று, அதற்கும் மேல் வண்டியோடு சேர்த்து வாங்கிய, முகத்தை முழுசாக மூடும் ஹெல்மெட். முதலில் அவள் கத்திப் பேசிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு தோளில் தட்டி ஏதாவது சொல்வாள், அதற்கும் தலையை ஆட்டினேன். இரண்டு மூன்று மாதத்தில் அவள் பேசுவது குறைந்துபோனது. முன்பைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம், பேச நேரமில்லை, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

தனுஷ்கோடிக்குப் போக வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாகியும் அங்கே நிலம் முடியும் அரிச்சல்முனையை அவள் பார்த்ததில்லை. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நேரம் ஒழிவதில்லை. கடைக்கு லீவு விட்ட ஒரு நாள் கிளம்பினோம். நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பாலத்தில் காற்று அடித்தது, வண்டி கல்லு மாதிரி போனது. "பாத்தியா?" என்று நான் கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

தனுஷ்கோடி போகும் ரோட்டின் இரண்டு பக்கமும் கடல். காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து ரோட்டு ஓரத்தை மூடிவிடும். தார் எங்கே முடிகிறது, மணல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. எதிரே இரண்டு டூரிஸ்ட் வேன்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. வழிவிட்டு ஒதுங்கி நிற்கலாம் என்று இடது பக்கம் ஒடித்தேன். அந்த நேரத்தில் அவள் என் முதுகில் தட்டினாள். இரண்டு தடவை. கடலைப் பார்த்த சந்தோஷத்தில் தட்டுகிறாள் என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

இந்தக் கடற்கரைப் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மணலில் யாரும் பிரேக்கை நம்புவதில்லை. காலைத் தொங்கப்போட்டு மணலில் ஊன்றி, அப்படியே வண்டியைத் தொடையில் சாய்த்து நிறுத்துவோம். பின்னால் மீன் கூடை கட்டியிருந்தாலும் அப்படித்தான். கால் புதைந்தாலும் கவலை இல்லை, ஒரு உந்து உந்தினால் வண்டி நிமிர்ந்துவிடும். பதினாறு வருடம் நானும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, கால் தானாகப் போகும். அன்றைக்கும் இடது கால் தானாகப் போனது. கெண்டைக்கால் வரை புதைந்தது. வண்டி என் தொடைமேல் சாய்ந்தது. நான் உந்தினேன். வண்டி நிமிரவில்லை.

வேகமே இல்லை. நின்ற வண்டி, ஒரு மாடு படுப்பதுபோல மெதுவாகச் சாய்ந்தது. இன்ஜினுக்கு முன்னால் இருந்த கிராஷ் கார்டு கம்பி என் காலைக் காப்பாற்றிவிட்டது. அவள் இரண்டு கால்களும் இடது பக்கம்தானே இருந்தன. நான் அவளுக்காக அடிக்கச் சொன்ன அந்த இரும்புப் படி, அவள் வலது கணுக்காலைத் தார் விளிம்புக்கும் தனக்கும் நடுவில் வைத்து நசுக்கியது. அவள் கத்தவில்லை. "காலு, காலு" என்று மட்டும் சொன்னாள். வார் மாட்டாத ஹெல்மெட் கழன்று விழுந்திருந்ததால் அது எனக்குக் கேட்டது. நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினேன், மணலில் என் கால்தான் இன்னும் புதைந்தது. வேன் டிரைவரும் பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மூன்று பேரும் ஓடி வந்தார்கள். "ஏலே, பின்னாடி பிடி, பின்னாடி பிடி" என்று சொல்லிச் சொல்லித் தூக்கினார்கள். என் பெண்டாட்டி மேல் கிடந்த என் வண்டியைத் தூக்க எனக்கு நாலு ஆள் வேண்டியிருந்தது. அந்த அவமானம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அரிச்சல்முனைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். நாலு மாதம் கட்டில். ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரிவரை நிற்கிற வேலைக்கு அந்தக் கால் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் வேறு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் கதை சொன்னேன். மணல், வேன், காற்று என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டேன். அவள் அண்ணன் வந்திருந்த அன்றைக்கும், "மணல் கெடக்கதே தெரியல மச்சான். யாருக்குத் தெரியும்?" என்றேன். கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுச்சு," என்றாள்.

அண்ணன் போன பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"இங்கன நிப்பாட்டாதீக, ஓரம் பூராம் மண்ணு, கொஞ்சம் தள்ளிப் போயி நிப்பாட்டுங்கன்னு சொன்னேன். கேக்கலைன்னு முதுகுல வேற தட்டுனேன். நீங்க தலைய ஆட்டுனீக. சரி, கேட்டுருச்சு, தள்ளித்தான் நிப்பாட்டப் போறீகன்னு சும்மா இருந்துட்டேன்."

"கடலப் பாத்துத் தட்டுறேன்னு நெனச்சேன்."

அவள் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "அந்த வண்டி வந்ததுலருந்தே எதுக்குனாலும் தலைய ஆட்டுனீக. நானும் சொல்றத விட்டுட்டேன். அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு வாயத் தொறந்தேன்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வண்டியை விற்றுவிட்டேன். அதே மெக்கானிக் எங்கேயோ தேடிப் பழைய நூறு சிசி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தான். அவன் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. நானும் முகத்தை மூடாத பழைய மாதிரி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் எல்லாம் ஆட்டோவில்தான். அன்றைக்கு நான் வாசலில் சின்ன வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டை எதுவும் இல்லாமலே ஏறி உட்கார்ந்தாள். கையை மட்டும் என் தோளில் வைக்கவில்லை. பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். இன்ஜின் சத்தம் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு. காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது. கடைத்தெருவில் அவள் வேலை பார்த்த துணிக்கடை வந்தது. அங்கே ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். ரயில்வே கேட் வந்தது. நானாக ஒரு தடவை "ம்" என்று சொல்லிப் பார்த்தேன். பின்னாலிருந்து பதில் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஓரம் நல்ல கெட்டித் தரையா என்று பார்த்து நிறுத்தினேன். அவள் மெதுவாக இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"நீங்க வேலைக்குப் போங்க. திரும்புறப்ப நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். வண்டியை நான் இன்னும் அணைக்கவில்லை. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.