அளவு சேராத குழாய்

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினாலும், கோவில்பட்டியில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டு நாலு பேருக்கு வேலை கொடுத்தவன் நான். எண்பதுகளில் என் சிநேகிதர் சுப்பையா, தன் அம்பாசிடர் டாக்சிக்குத் துருப்பிடிக்காத சைலன்சர் கேட்டார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனும் செய்யாததைச் செய்கிறேன் என்று, பழைய இரும்புக்கடை பாயிடம் போய் எவர்சில்வர் குழாய்களைப் பொறுக்கினேன்.

“அண்ணாச்சி, இது ரெண்டும் அளவு சேராது. நாலு நாள் பொறுங்க, மதுரையிலேருந்து வேற குழாய் வருது” என்றார் பாய்.

“எனக்கே அளவு சொல்லுதீயளா? நாளைக்கே வண்டி ஓடும், பாருங்க.”

இரண்டு குழாயும் சேருமிடத்து இடைவெளியில் சூடு தாங்கும் கல்நார்க் கயிறு சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.

ஐப்பசி மழையில் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் அந்த வண்டி கரிசல் சேற்றில் புதைந்து, சைலன்சர் வாய் பாதி அடைபட்டது. பேட்டரி சரியில்லாததால் எஞ்சினை நிறுத்தாமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மழை வெறிக்கட்டும் என்று சுப்பையா உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். நான் போட்ட இணைப்பு வழியே விஷப்புகை வண்டிக்குள் ஏறியிருக்கிறது. ஆள் பிழைக்கவில்லை.

“நீங்க செஞ்சதுன்னு அவிய ஊரெல்லாம் பெருமையாச் சொன்னாவளே அண்ணாச்சி” என்றார் அவர் மனைவி.

இப்போது எந்த வண்டியானாலும் எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயை ஈரச் சாக்கால் அடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் காது கொடுத்துக் கேட்கிறேன். உஸ்ஸென்று சத்தம் வந்தால் வண்டியை வெளியே விடமாட்டேன். ஒரு நிமிஷ வேலைதான். சுப்பையாவுக்கு அதைச் செய்யாமல் போனேன்.