குண்டு மாஸ்டரின் கிரகணம்

கலீலுர் றஹ்மான் மாஸ்டரால் ஒரு கதிரையில் நிலையாக இருக்க முடியாது. தேநீர்க் கடையில் எல்லாரும் வாங்கில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கோப்பையோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். கிண்ணியாவில் பிறந்து, கொழும்பில் பௌதிகம் படித்து, திருகோணமலைப் பட்டினத்துக்கு ஆசிரியராக வந்தவர். ஆள் ஈர்க்குப் போல மெலிவு. ஆனாலும் ஊர் அவருக்கு வைத்த பெயர் குண்டு மாஸ்டர்.

அந்தக் குண்டு அவருடைய மாமனார் ஸெய்னுதீன் ஹாஜியாரின் நெல் கிட்டங்கியில் தொங்கியது. துறைமுகக் கரையோரக் கட்டடம். பக்கத்துச் சுவருக்கு அப்பால் மீன்காரருக்கு ஐஸ் கட்டும் தொழிற்சாலை. கிட்டங்கியின் கூரை வளை மரத்தில் உருக்குக் கம்பி, அதன் நுனியில் தேங்காய் அளவு ஈயம். தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டமும் கோடுகளும். குண்டை ஒரு பக்கமாக இழுத்து நூலால் கட்டி, அந்த நூலை நெருப்புக்குச்சியால் எரித்து விடுவார். கையால் விட்டால் ஆட்டம் கோணலாகிவிடுமாம்.

ஆடுகிற குண்டு மெதுவாகத் தன் திசையை மாற்றும். பூமி சுழல்வதால் வரும் மாற்றம் அது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கும் எங்கள் ஊரில் அது மிகச் சொற்பமாகத்தான் இருக்க வேண்டும். மாஸ்டரின் குண்டு அதைவிட வெகு கூடுதலாகவே திரும்பியது. கம்பியின் குறை என்று அவர் அதைக் கழித்து விட்டார்.

அவருடைய எண்ணம் இதுதான். புவியீர்ப்பு என்பது இழுப்பே அல்ல, தள்ளல். வெளிச்சத்தைப் போலக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று எல்லாத் திக்கிலிருந்தும் வந்து நம்மைத் தள்ளுகிறது. கீழேயிருந்து வருவதைப் பூமி மறைத்துவிடுவதால் மேலேயிருந்து வருவது வெல்கிறது, மாங்காய் விழுகிறது. அப்படியானால் சூரியனைச் சந்திரன் மறைக்கும்போது அந்தத் தள்ளலிலும் ஒரு நிழல் விழ வேண்டும். குண்டு அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வரும் கணித ஆசிரியர் யோகராசா இதைக் கேட்டுச் சிரித்தார்.

"மாஸ்டர், இதைச் சோதினை எடுக்கிற பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எல்லாரும் பெயில்."

1955ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் முழுக் கிரகணம் வந்தது. மாஸ்டருக்குக் கலியாணமாகி அப்போது ஒரு வருடம். மனைவி ஸாலிஹா கர்ப்பிணி. கூர்மையான கண் அவளுக்கு. கோடுகளைப் பார்த்துச் சொல்லும் வேலையை அவளிடமே கொடுத்திருந்தார். காலையில் ஹாஜியார் கிட்டங்கிக்கு வந்தார்.

"ஸாலிஹா, வயித்துல புள்ளயோட இஞ்ச என்ன வேல? வீட்ட போ. மருமகன், பள்ளிக்கு வாங்க. கிரகணத் தொழுகை தொடங்கப் போகுது."

"மாமா, இப்படி ஒரு கிரகணம் என்ட வாழ்நாள்ல இன்னொருதரம் இஞ்ச வராது."

"தொழுகையும் அப்படித்தான். விட்டது திரும்பி வராது."

மாஸ்டர் குண்டைக் கட்டிய நூலைப் பார்க்கப் போனார். ஸாலிஹாதான் சொன்னாள்: "கிரகணத்த வெளியில நிண்டு பார்க்கக்கூடாதெண்டுதானே சொல்றாங்க வாப்பா? நான் உள்ளுக்குத்தானே இரிக்கன்."

ஹாஜியார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அதன்பிறகு பல மாதங்கள் மருமகனோடு கதைக்கவில்லை.

ஓட்டு இடுக்குகளால் விழுந்த வெயில் மங்கியது. காகங்கள் கரைவது நின்றது. வீதியில் சைக்கிள் மணியில்லை, துறைமுகத்தில் சத்தமில்லை. உலகமே மூச்சை அடக்கியது போலிருந்தது. மாஸ்டர் அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்தார்.

"எந்தக் கோடு?"

"அதே கோடுதான். நகரல்ல."

"வடிவாப் பாரு ஸாலிஹா!"

"பார்த்துத்தானே சொல்றன். நகரவே இல்லங்க."

வெளிச்சம் திரும்பியது. காகங்கள் கத்தின, ஊர் இரைந்தது. குண்டும் பழையபடி கோடுகளை விட்டு விலகத் தொடங்கியது. மாஸ்டர் லாம்பை வைக்க இடம் தேடி வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கொழும்பில் தனக்குப் படிப்பித்தவர்களுக்கு எழுதினார். ஒருமுறை நடந்தது சான்றாகாது, திரும்பச் செய்து காட்டுங்கள் என்று பதில் வந்தது. கிரகணத்தை எங்கே போய் வாங்குவது? பிறகு வந்தவை அரைகுறைக் கிரகணங்கள். அவற்றில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் குண்டை ஆடவிட்டார். வெளியூரில் அதிபர் பதவி தருகிறோம் என்றார்கள், மறுத்தார். கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்கு முன்பே நழுவிக் கிட்டங்கிக்குப் போனார். பிரான்சில் ஒருவருக்கும் கிரகணத்தில் இப்படி ஏதோ தென்பட்டதாக ஒரு சஞ்சிகையில் படித்தபோது, தனக்கு முன்னால் யாரோ ஓடுவது போல ஒரு வாரம் அந்தரப்பட்டார். ஹாஜியார் மௌத்தானதும் கிட்டங்கியை விற்கலாம் என்று மைத்துனர்கள் சொன்னார்கள். ஸாலிஹா தனக்கு வரவிருந்த வீட்டு வளவை விட்டுக்கொடுத்து, அந்தப் பழைய கட்டடத்தைத் தன் பங்காக எடுத்தாள்.

1978இல் சூறாவளி வந்தது. மட்டக்களப்பைச் சிதைத்துவிட்டு, எங்களுக்கு அதன் ஓரத்தைக் காட்டிப் போனது. ஐஸ் தொழிற்சாலையின் தகரக் கூரை பறந்து, எஞ்சின் நனைந்து, வாரக்கணக்கில் ஓடவில்லை. கம்பி அறுந்ததோ என்று பார்க்கப் போன மாஸ்டர், போன கையோடு குண்டை ஆடவிட்டார். குண்டு நகரவில்லை என்றே சொல்ல வேண்டும். மிக மெல்ல, புத்தகம் எங்கள் ஊருக்குச் சொன்ன அளவிலேயே திரும்பியது. வானத்தில் கிரகணம் எதுவும் இல்லை. நல்ல வெயில்.

அவர் சுவரில் கையை வைத்தார். இத்தனை வருடமும் அந்தச் சுவரில் இருந்து, கூரை வளை வழியே குண்டையும் திருப்பிவந்த அதிர்வு இல்லை. இரவும் பகலும் ஓடும் எஞ்சின் அது. பழுதுபார்க்க நிறுத்திய நாட்களில் இவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். கடல் இரைச்சலைப் போல அந்தச் சத்தமும் காதுக்குப் பழகிப்போனது.

எஞ்சின் ஓட்டும் குணரத்தினம் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரிய கிரகணத்தண்டு எஞ்சின் ஓடினதா, குணரத்தினம்?"

"இல்லை சேர். இருட்டேக்க ஒருத்தரும் வேலை செய்யக்கூடாதெண்டு முதலாளி நிப்பாட்டச் சொன்னவர். வெளிச்சம் வந்த உடனதான் திரும்ப ஸ்டார்ட் பண்ணினனான்."

மாஸ்டர் துறைமுகக் கரையால் நடந்தார். அடுத்த நாளும் நடந்தார். மூன்றாம் நாள் ஸாலிஹா வாசலை மறித்து நின்று என்னவென்று கேட்டாள். சொன்னார்.

"அப்ப நான் பார்த்தது?"

"நீ பார்த்தது சரி. குண்டு நகரல்லதான். நான் சொன்ன காரணம்தான் பிழை."

"மத்த நாளெல்லாம்தான் அது பிழையா ஆடியிரிக்கு. அண்டைக்கு மட்டும்தான் சரியா ஆடியிரிக்கு. அப்படித்தானே?"

"ஓம்."

ஸாலிஹா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

வெளியில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும், அடுத்த வாரம் சொல்ல வேண்டும் என்றே ஒரு வருடம் ஓடியது. இதற்குள் 1980 மாசியில் ஒரு கிரகணம் வருவதாகப் பத்திரிகைகள் எழுதின. எங்களுக்கு அரைகுறைதான். ஆனால் யோகராசா விடவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளையும், பேராதனையிலிருந்து வந்திருந்த ஒரு விரிவுரையாளரையும் கிட்டங்கிக்கு அழைத்துவிட்டார். நண்பரைக் கேலி செய்து செய்தே அவருக்கு அந்தக் குண்டின்மேல் நம்பிக்கை வந்திருந்தது.

அன்று பகல் மாஸ்டர் ஐஸ் தொழிற்சாலைக்குப் போனார். இதற்குள் எஞ்சின் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னேரம் கொஞ்ச நேரம் எஞ்சினை..." என்று இழுத்தார்.

"நிப்பாட்டவோ சேர்? எத்தினை மணிக்கு?"

கேட்ட நேரத்தில் நிற்கும். பேராதனைக்காரர் தன் கண்ணால் காண்பார். கொழும்புக்குப் பதில் கிடைக்கும். "ஆள் அனுப்புறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாஸ்டர் திரும்பினார். கிட்டங்கி வாசலில் நின்ற ஸாலிஹா அவர் முகத்தைப் பார்த்தாள். எங்கே போய் வருகிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அந்தக் கோடு நகரல்லண்டு சொன்னது நான்" என்றாள். "என்ட கண்ணை வெச்சுப் பொய் சொல்லிராதீங்க."

கிரகணம் தொடங்குமுன்பே மாஸ்டர் எல்லாரையும் வட்டத்தைச் சுற்றி நிறுத்தினார். நூலை எரித்தார். குண்டு கோடு விட்டுக் கோடு நகர்வதைப் பார்க்கச் சொன்னார். பிறகு யோகராசாவை அனுப்பி எஞ்சினை நிறுத்தினார். குண்டு கோட்டிலேயே நின்று ஆடியது. மறுபடி எஞ்சின் ஓடியது, குண்டு விலகியது.

"இருபத்தைஞ்சு வருஷமா நான் கிரகணமெண்டு நினைச்சது இதைத்தான்" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப உங்கட தள்ளல் கோட்பாடு முடிஞ்சுதா?"

"சாட்சி போயிட்டு. கேள்வி இன்னும் போகல்ல சேர்."

யோகராசாவின் முகம் கறுத்திருந்தது. "எனக்கெண்டாலும் முதலே சொல்லியிருக்கலாம், மாஸ்டர்" என்றார். அவர் அதற்குப் பிறகு கிட்டங்கிப் பக்கம் வர நெடுநாள் பிடித்தது.

அடுத்த கிழமையே மாஸ்டர் கம்பியைக் கழற்றிச் சுருட்டினார். குண்டைச் சாக்கில் போட்டார். கிண்ணியாவில் எஞ்சின் சத்தமே கேட்காத, மரம் அடுக்கி வைக்கும் ஒரு மரக்காலை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையில் அவர் ஏறியதும், பின்னாலேயே ஸாலிஹாவும் ஏறினாள்.

"நீ எங்க வாறா?"

"இந்தத் தரம் நூல எரிக்கிறது நான். கோட்டப் பார்க்கிறது நீங்க."

"உனக்குப் பொறுமை காணாது."

"எனக்கா?"

பக்கத்தில் கோழிக்கூடையோடு நின்ற மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிதவை கரையை விட்டது. மரக்காலையில் எந்த வளையில் கம்பியைக் கட்டுவது என்று அவர்கள் வாதாடத் தொடங்கினார்கள். மாஸ்டர் சாக்கைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, எழுந்து எழுந்து அக்கரையைப் பார்த்தார்.