வளைந்ததா, வளையாததா

வவுனியாவில் பழைய மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடையில் என் முன்னே இரண்டு லெக் காட் கிடந்தன. எஞ்சினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் புடைத்து நிற்குமே, விழுந்தால் முழுப் பாரமும் காலில் சாயாமல் தாங்கும் கம்பி, அதுதான். ஒன்று கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. மற்றதன் இடது பக்கம் வளைந்து, அடித்து நிமிர்த்தப்பட்டிருந்தது. என்னுடைய பழைய பைக்குக்குப் புதியது எங்கும் கிடைக்காது.

எதையும் வாங்குமுன் அதன் பூர்வீகம் எனக்குத் தெரிய வேண்டும். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய நாளிலிருந்து பிடித்த வியாதி அது. யாருடைய கதவு, யாருடைய தகரம் என்று கேட்காமல் கை வைக்கமாட்டேன். அன்றும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இதுகளைக் கழட்டின பைக்குகளின்ர ஆக்கள் எப்பிடி இருக்கினம் தம்பி?"

கடைக்காரர் வளைந்ததைக் காட்டினார். "இதின்ர ஆள் மதிலோட அடிபட்டவர். எழும்பி நடந்து போனவர் அக்கா." பிறகு பளபளப்பானதைத் தட்டினார். "இது பின்னால வாகனம் இடிச்சது. கம்பியில ஒண்டும் படேல்லை. ஆள்தான் இல்லை."

கேட்காமலே இருந்திருக்கலாம். ஒருமுறை வளைந்த இரும்பு இன்னொருமுறை தாங்குமா? புதிதுபோல் இருப்பதைப் பூட்டினால் ஒரு சாவையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவதாகுமா? ஒன்றைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றேன்.

இத்தனை யோசனையும் மகளுக்காக. தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு ரியூசன் வகுப்புக்கு அவளை நான்தான் ஏற்றிப்போவேன். ஒரு மாலை திரும்பும்போது றோட்டில் படுத்திருந்த மாடு திடீரென்று எழும்ப, விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் உரசல். என் இடது காலின் மேல் பைக். வழியால் வந்தவர்கள்தான் தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு அவள் பின்னால் ஏறவேயில்லை. காரணமும் சொல்லவில்லை. என் ஓட்டத்தில் நம்பிக்கை போய்விட்டதென்று நினைத்தேன். சோதனை முடியும்வரை வவுனியாவில் சித்தி வீட்டில் நின்று படிக்கப்போகிறேன் என்றாள். பையும் அடுக்கியாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். அவளைப் போகவிட எனக்கு மனமில்லை.

கடைசியில் வளைந்ததைத்தான் வாங்கினேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வீடு திரும்பும் பஸ் முறிகண்டியில் நின்றபோது எல்லோரையும்போல் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பைக் வீட்டில் நிற்க, கம்பியை மட்டும் அணைத்துக்கொண்டு நின்றேன். அதற்குத் திருநீறு பூசுவதா வேண்டாமா என்று அங்கேயும் ஒரு குழப்பம். பூசினேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.

முற்றத்தில் வைத்து நானே பூட்டினேன். வளைந்ததை நிமிர்த்தியதில் ஓட்டைகள் நேருக்கு வரவில்லை. வொஷர் வைத்து, இழுத்துப் பிடித்து ஒருவாறு ஏற்றினேன். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளைந்த பக்கத்தின் கடைசி நட்டை இறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பி இருப்பது முன்னால். அது காப்பது ஓட்டுகிறவளின் காலை. பின்னால் இருப்பவளுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

ஸ்பானரைக் கீழே போட்டேன். "விசரி நான். உனக்கெண்டு போய் எனக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன்." அழுகை வந்துவிட்டது.

அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். வளைந்த பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"எனக்கு என்னத்துக்கு அம்மா? அண்டைக்கு உங்கட கால்தானே அடியில கிடந்தது. நான் இழுத்து இழுத்துப் பாத்தனான், பைக்கைத் தூக்க ஏலேல்லை. என்னாலதானே நீங்கள் அந்த நேரத்தில அந்த றோட்டால வாறியள்."

அவள் ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மற்றப் பக்கத்தையும் வடிவா இறுக்குங்கோ. நாளைக்கு ரியூசன் இருக்கு."