பழம் எண்ணுகிறவன்

பவனேஷ் முதல் கிளாஸை உடனே குடித்துவிட மாட்டான். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி முகர்வான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி உற்றுப் பார்ப்பான். பிறகு ஒரே ஒரு வாய். அதையும் கொஞ்ச நேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருந்துவிட்டுத்தான் விழுங்குவான். "ஆரஞ்சுத் தோல் வாசன வருது பாரு, தனு," என்று கிளாஸை எதிரே நகர்த்துவான். தனுஜா ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு பீர் வாசனதான் வருது," என்பாள். ஆறு வருடமாக இருவருக்கும் இதே பேச்சு.

கோலா சிலாங்கூர் ஆற்றோரம், பலகைத் தளம் போட்ட சின்ன பார் அது. கடை முதலாளியான சீனத் தவுக்கே, சின்ன ஆலைகளில் காய்ச்சுகிற கிராஃப்ட் பீரில் பதினைந்து வகை வைத்திருக்கிறார். மீன் வாங்க வருகிறவர்களும் படகுக்காரர்களும் அவற்றைச் சீந்துவதே இல்லை. வழக்கமான பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பவனேஷ் வந்தால்தான் அவர் மேல் தட்டிலிருந்து எடுத்துத் தூசி துடைப்பார். புதிதாக ஒரு தோட்டம், எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை எண்ணுகிற அவர்களுடைய நிறுவனத்தின் செயலியை எடுத்துக்கொண்டால் இங்கே வந்து ஆளுக்கொரு வாய் குடிப்பது என்பது பவனேஷும் தனுஜாவும் வைத்துக்கொண்ட வழக்கம். இதுவரை ஏழு முறை வந்திருக்கிறார்கள். இன்று எட்டாவது. ஆனால் புதுத் தோட்டம் எதுவும் சேரவில்லை. 'நாலு மணிக்கு வா' என்று பவனேஷ் போட்ட செய்தியைப் பார்த்ததுமே தனுஜா கிளம்பிவிட்டாள். புக்கிட் செந்தோசாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்திருக்கிறாள்.

பவனேஷுக்கு முப்பத்தொன்பது வயது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி என்று அச்சடித்த அட்டை ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. கொடுக்கத்தான் கூச்சப்படுவான். தோட்டத்துக்குப் போனால், "நான் போன்ல பழம் எண்ணுறவன்ணே," என்று சொல்லிக்கொண்டுதான், வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோரிடம் கை நீட்டுவான். போடுவதெல்லாம் நிறுவனத்தின் பெயர் போட்ட நீல டி-சட்டை. அப்படி ஏழு வைத்திருக்கிறான், ஏழிலும் எழுத்து தேய்ந்துவிட்டது. காரின் பின்னால் எப்போதும் இரண்டு ஜோடி பூட்ஸ் கிடக்கும், ஒன்று அவனுக்கு, மற்றது தோட்டத்தைப் பார்க்க வருகிற கனவான்களுக்கு. எந்தக் கனவானும் இதுவரை அதை மாட்டியதில்லை.

எது இடிந்து விழுந்தாலும் அவன் வாயில் வருவது ஒன்றுதான்: "சின்ன மேட்டர்லா." கணினி எரிந்தபோதும் சின்ன மேட்டர். சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் விலகியபோதும் சின்ன மேட்டர். அவனுக்குக் கல்யாணம் நின்றுபோனபோதுகூட அதையேதான் சொன்னான். பெரிய மேட்டர் என்று அவன் எதைத்தான் சொல்வான் என்று தனுஜா பல நாள் யோசித்ததுண்டு.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையாவது அனுப்பினால் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். நகரத்தில், குளிர்சாதன அறையில், லைன் கொட்டிக் கிடக்கிற இடத்தில்கூட அப்படித்தான். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி அவன் பிறந்த செம்பனைத் தோட்டத்தில், கோயில் மேட்டைத் தவிர வேறெங்கும் போனுக்கு லைன் கிடைக்காது. பதினாறு வயதில், வேலை முடிந்த கூட்டத்தோடு கூட்டமாக அங்கே நின்று கையைத் தூக்கிப் பழகியவன். உடம்பில் ஊறியது போகவில்லை.

அப்படிப்பட்டவன்தான் ஒரு தப்பைச் செய்தான். வெட்டிய குலைகளைப் பாதையோரம் அடுக்கி வைப்பார்கள். மண்டோர் படம் எடுத்தால், எத்தனை குலை, அதில் எத்தனை பழுத்தது, எந்த இடத்தில் வெட்டியது என்று செயலி சொல்லிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் கோலாலம்பூரில், பணம் போட வந்த ஒருவரின் முன்னால் திரையை விரித்தார்கள். வரைபடத்தில் தோட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள் பரவியிருக்க வேண்டும். நாலாயிரம் குலையும் மாரியம்மன் கோயிலில் வந்து குவிந்திருந்தன. மண்டோர் சிவநேசன் காலையெல்லாம் செம்பனைக் காட்டில் படம் எடுத்துவிட்டு, மத்தியானம் மோட்டார் சைக்கிளில் கோயில் மேட்டுக்குப் போய்த்தான் அத்தனையையும் அனுப்பியிருக்கிறார். படம் எடுத்த இடத்தைக் குறிக்காமல் அனுப்பிய இடத்தைக் குறிக்கும்படி பவனேஷ் எழுதி வைத்திருந்தான். அந்த மேட்டில் நின்று வளர்ந்தவனுக்கு அது தோன்றவே இல்லை. உங்கள் கோயிலில் நல்ல விளைச்சல் என்று வந்தவர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. திருத்துவதற்கு ஒரு பிற்பகல்தான் பிடித்தது.

இரண்டாவது கிளாஸ் வந்ததும் பவனேஷ் இந்தக் கதையை ஆரம்பிப்பான். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வான், சாமி குலை வெட்டுகிற மாதிரி கையை வீசிக் காட்டுவான், தானே முதலில் சிரிப்பான். இன்று இரண்டாவது கிளாஸ் வந்து நுரை அடங்கியும் கதை வரவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தான்.

"என்னய இவ்ளோ தூரம் வரவச்சது இதை மோந்து பாக்கத்தானா, பவன்?"

"சின்ன மேட்டர்தான்."

"அப்ப சொல்லு."

அவன் சொன்னான். தோட்டங்களுக்கு மென்பொருள் விற்கிற கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று செயலியைக் கேட்கிறது. அவனுக்கு அங்கேயே மாதச் சம்பள வேலையும் தருகிறார்கள். இன்று ஆறு மணிக்குள் பதில் போட வேண்டும்.

"ஒங்க எல்லாரயும் எடுத்துக்க மாட்டாங்களாம்."

"எல்லாரயும்னா?"

"நீ, ஜீவன், நித்தியா."

"நாங்க மூணு பேருதானே இருக்கோம்."

அவன் கிளாஸின் ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். படகு ஒன்று இரைந்துகொண்டு போனது. அடித்த அலையில் தளம் லேசாக ஆடியது.

"நீ வேணாம்னு சொன்னா அனுப்ப மாட்டேன், தனு. சத்தியமா. வேணாம்னும் ஒரு பதில் எழுதி வச்சிருக்கேன்."

தனுஜாவுக்குக் கோபம் வந்ததே அப்போதுதான். ராவாங் தொழிற்சாலையில் நல்ல வேலையை விட்டுவிட்டு இவன் பின்னால் வந்தவள். சம்பளம் தாமதமான மாதங்களிலும் வாயைத் திறந்ததில்லை. "ஆறு வருஷமா எல்லா முடிவையும் நீதானே எடுத்த? என்னய கேட்டா எடுத்த? இத மட்டும் ஏன் என் தலையில கட்டுற?" என்றாள். தவுக்கே திரும்பிப் பார்த்துவிட்டு, கணக்காக ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

பவனேஷ் கவிழ்த்து வைத்த போனை மேசைமேல் ஒரு சுற்றுச் சுற்றினான். சின்ன மேட்டர் என்று சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

"முடியல தனு," என்றான். "காலைல எந்திரிச்சு பூட்ஸ் மாட்டுறதுக்கே அர மணி நேரம் ஒக்காந்திருக்கேன். சிவநேசன் அண்ணே போன் அடிச்சா, எடுக்காம பாத்துக்கிட்டே இருக்கேன். அவரு என்ன தப்பு பண்ணாரு?"

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துத் தடித்திருந்தது. தினமும் பார்க்கிற முகம், இதையெல்லாம் எப்போது கவனிக்காமல் விட்டோம் என்று இருந்தது அவளுக்கு. அழுகை வரவில்லை. நாளை மத்தியானம் எந்த மண்டோருக்கும் போன் அடித்து, அண்ணே படம் வரலையே, கொஞ்சம் மேட்டுக்குப் போங்களேன் என்று கெஞ்ச வேண்டியதில்லை என்று நினைத்ததும் மனது லேசாகிவிட்டது. அப்படி லேசானதுதான் அவளை அதிகம் சுட்டது. இவனைப்போலத் தானும் என்றைக்கோ ஓய்ந்துபோய், வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறோம் என்று புரிந்தது.

"சிவநேசன் அண்ணனுக்கு நீதான் சொல்லணும்," என்றாள். "நான் சொல்ல மாட்டேன். ஜீவனுக்கும் நித்தியாவுக்கும் நீயேதான். நேர்ல."

"சொல்றேன்."

"சரி, அனுப்பு."

"கோவமா?"

"கோவந்தான். மணி அஞ்சே முக்கால் ஆச்சு, அனுப்பு."

கிளாஸை அவன் பக்கமிருந்து இழுத்து, மிச்சமிருந்த பீரைத் தனுஜா ஒரே மூச்சில் குடித்தாள். சூடேறி, கசந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை இப்போது தெரிந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

பவனேஷ் போனைத் திருப்பினான். எழுதி வைத்திருந்த இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிப் படித்தான். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சம்மதம் என்றிருந்ததை அமுக்கினான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தளத்தின் ஓரத்துக்குப் போய், ஆற்றுக்கு முதுகைக் காட்டித் தோட்டங்கள் இருக்கிற திக்கைப் பார்த்து நின்றான். கை தானாக மேலே போயிற்று. தவுக்கேயின் வைஃபையும் டவரும் சேர்ந்து பாரில் லைன் நிரம்பி வழிந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்ற குறி திரையில் விழுந்ததை, பக்கத்தில் வந்து நின்ற தனுஜா அண்ணாந்து பார்த்தாள்.

"போயிருச்சு பவன், கைய எறக்கு," என்றாள்.

கேட்டுவிட்டதாகத் தலையை ஆட்டினான் அவன். ஆட்டிக்கொண்டே, குதிகாலை எக்கி, போனை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தான்.