பிரியாணிக்கு முன் மூன்று நாடகங்கள்

நீங்கள்தான் சாட்சி.

இதே பக்கத்தில், சில வாரங்களுக்கு முன் நான் என்ன எழுதினேன்? "தமிழனை முக்கால் மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போடும் ஆற்றல் பட்டிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. நாடகம் என்பது, பட்டிமன்றம் தொடங்கும்வரை குழந்தைகள் ஓடியாடும் நேரம்" என்று எழுதினேன். அதைப் பாராட்டி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை ஃப்ரீமான்ட்டில் மூன்று குறுநாடகங்கள் பார்த்தேன். இன்னும் தரையில் கால் பாவவில்லை!

முறையாகச் சொல்கிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு முக்கால் மணி நேரம் உண்டு. சாப்பாட்டுக்குச் சற்று முந்தைய நேரம். அரங்கம் நிரம்பி வழிவது அப்போது மட்டும்தான். சில ஆண்டுகளாக அது பட்டிமன்றத்துக்கு உரியது. அதாவது, எனக்கு உரியது. எனக்குச் சான் ஹோசேயில் மென்பொருள் வேலை. ஆனால் நான் யார் என்று கேட்டால் பேச்சாளன் என்றுதான் சொல்வேன். மதுரையில் கல்லூரிப் போட்டிகளில் பிடித்த மைக்கை இன்னும் நான் விடவில்லை.

அந்த நேரத்துக்கு இந்த ஆண்டு போட்டி வந்துவிட்டது.

நியூ ஜெர்சியில் ஒருவர், டெக்சாஸில் ஒருவர், எங்கள் ஊரில் ஒருவர் என மூன்று புதியவர்கள் எழுதிய குறுநாடகங்கள். சங்கத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் செல்வராஜ் அங்கிள் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: ஃப்ரீமான்ட் சர்ச் ஹாலில் ஒரு வெள்ளோட்டம். கடைசி நாடகம் முடியும்வரை கூட்டம் உட்கார்ந்திருந்தால் பொங்கல் மேடை நாடகத்துக்கு. நடுவில் எழுந்துவிட்டால், வழக்கம்போல் பட்டிமன்றம்.

நாடகங்களை அறிமுகம் செய்ய யாரை அழைத்தார் தெரியுமா? என்னை!

"உங்கள விட்டா யாரு இருக்கா தம்பி? ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம். உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும், அதான் ரெண்டு தடவ சொல்றேன்."

போட்டியாளன் கையிலேயே மைக். இப்படியொரு நியாயம் வேறெங்கே நடக்கும்?

பட்டிமன்றத்தில் எனக்கு எதிரணியில் பேசும் ரம்யா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா இழுத்து இன்ட்ரோ குடுடா. நீ பேசி முடிக்கறதுக்குள்ள பாதி பேர் ஃப்ரீவே ஏறியிருப்பாங்க. நம்ம ஸ்லாட் சேஃப்!"

திரைக்குப் பின்னால் ஜெனிஃபர் அக்கா காத்திருந்தார். நாகர்கோவில்காரர், இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மூன்றாவது நாடகம் அவருடையது. வாழ்க்கையில் எழுதிய முதல் நாடகம். முகம் வெளுத்திருந்தது.

"பிரதர், ஒரே ஒரு ரிக்வெஸ்ட். கதைய சொல்லிராதீங்க."

"சேச்சே, கதைய சொல்ல மாட்டேன்க்கா. கருத்த மட்டும்..."

"கருத்தும் வேண்டாம்."

"அப்ப நான் என்னதான்க்கா சொல்றது?"

"பேரு சொல்லுங்க. போன சைலன்ட்ல போடச் சொல்லுங்க. இறங்கிருங்க."

முன்னுரையில் ஒரு கருத்து, நடுவே அதற்கொரு கதை, முடிவில் அதே கருத்து இன்னும் உரத்த குரலில் — இதுதானே நான் கற்ற கலை? கருத்தே சொல்லாமல் ஒரு பேச்சாளன் மேடையிலிருந்து இறங்குவதா? மேடையேறி, பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் நாடகம் 'பனித் தகராறு'. நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் வாழும் விக்னேஷ் எழுதியது. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள்; இரண்டு தமிழர்கள். பனி கொட்டிய மறுநாள் காலை. ஒருவர் தன் வாசலில் அள்ளும் பனி அடுத்தவர் வாசலில் விழுகிறது. ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஆகவே ஒருவர் தான் பனி அள்ளும் ஷவலிடம் பேசுகிறார். மற்றவர் தன் காரிடம்.

"ஏம்ப்பா ஷவல், நமக்கு மேனர்ஸ் இருக்குன்னா பக்கத்து வீட்டுக்கும் இருக்கணும்னு என்ன இருக்கு?"

"காதுல வாங்காத காரு. உனக்கு ஹாரனும் இருக்கு, இன்ஜினும் இருக்கு. சில பேருக்கு ஹாரன் மட்டும்தான் இருக்கு."

ஃப்ரீமான்ட்டில் பனிக்கு எங்கே போவது? அலுவலகங்களில் கிழித்துப்போட்ட துண்டுத் தாள்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அது உண்மைப் பனியைவிட அதிகம் வழுக்கியது. அந்த இருவரும் ஏன் பேசுவதை நிறுத்தினார்கள் என்பது கடைசி நிமிடத்தில் தெரிகிறது. என்னிடம் கேட்காதீர்கள், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் சிரித்தேனா? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ரம்யா நான்காவது வரிசையிலிருந்து என்னை முறைத்தாள்.

இரண்டாவது, டாலஸ் பக்கமிருந்து கவிதா எழுதி அனுப்பிய 'கார்பூல்'. இரண்டு நாற்காலிகள்தான் கார். எவர்சில்வர் தட்டுதான் ஸ்டீயரிங். ஒரே ஆபீசுக்குப் போகும் இருவர். அன்று காலைதான் இருவருக்கும் வேலை போய்விட்டது. அவனுக்குப் போனது இவனுக்குத் தெரியாது. இவனுக்குப் போனது அவனுக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தொடக்கத்திலேயே தெரியும்! உள்ளே நுழையவே முடியாத ஆபீசுக்கு, அயர்ன் செய்த சட்டையோடு, இருவரும் கிரிக்கெட் பேசிக்கொண்டே போகிறார்கள். நெடுஞ்சாலையிலிருந்து ஆபீசுக்கு இறங்கும் வழி வருகிறது.

"எக்ஸிட் வருது."

"தெரியுது."

"எடுக்கலயா?"

"அடுத்ததுல எடுத்துக்கலாம்."

"...சரி. அடுத்ததுல எடுத்துக்கலாம்."

அரங்கம் அதிரச் சிரித்தது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, பக்கத்திலிருந்த மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார். நான் எத்தனையோ முறை 'வேலையா, வாழ்க்கையா' என்று முழங்கியிருக்கிறேன். அந்தக் கைகளை ஒருமுறைகூடச் சேர்த்துவைத்ததில்லை.

அப்போதுதான் அது நடந்தது.

ஹாலின் பின்கதவு திறந்தது. அலுமினிய ட்ரேக்களில் பிரியாணி உள்ளே வந்தது.

அமெரிக்கத் தமிழ் விழாக்களுக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? வாசனை முதல் வரிசைக்கு வருவதற்குள் கடைசி வரிசை காலியாகிவிட்டது. நாற்காலிகள் நகரும் சத்தம். செல்வராஜ் அங்கிள் மேடைக்கருகே வந்து, பெருந்தன்மையோடு ஒரு யோசனை சொன்னார்: "சூடா இருக்கும்போதே சாப்ட்றலாம். மூணாவத அப்புறமா பாத்துக்கலாம், என்ன?"

அப்புறம்! சாப்பிட்ட பிறகு தமிழன் தேடுவது கார் சாவியை மட்டும்தான். அது அங்கிளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரை ஓரத்தில் நின்ற ஜெனிஃபர் அக்காவுக்கும் தெரியும். மேடையில் வைக்க எடுத்துவந்த மிக்ஸியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மைக் என் கையில். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: சும்மா இருப்பது. சும்மா இருந்தால் போதும், பொங்கல் மேடை எனக்கு.

ஆனால் வாசகர்களே... எனக்கு மூன்றாவது நாடகத்தைப் பார்க்க வேண்டும்! அறிமுகத்துக்காக எனக்குத் தந்த கதைச் சுருக்கம் பாதியில் நின்றிருந்தது; மீதி தெரிந்தாக வேண்டும்!

அக்காவுக்குக் கொடுத்த வாக்கில் பாதியை மீறத் துணிந்து மேடையேறினேன்.

"அவையோரே! ஊரில் உங்கள் அப்பாவின் இறுதிச் சடங்கு. நீங்கள் ஃப்ரீமான்ட்டில், சமையலறையில். மிக்ஸிமேல் போனைச் சாய்த்துவைத்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கூட உங்கள் தங்கை. 'யார் போயிருக்கணும்?' என்று பேச்சு வருகிறது. ஊரில் யாருமே கேட்கக்கூடாத பேச்சு. போன் மியூட்டில் இருப்பதாக நினைத்துத்தான் பேசுகிறீர்கள்..."

நிறுத்தினேன்.

தட்டோடு நின்ற ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்: "மியூட்ல இருந்துதா இல்லயா?"

என் வாழ்நாளில் முதல்முறையாக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கினேன். இறங்கும்போதே விளக்குப் போடுபவருக்குச் சைகை காட்டினேன். முழு இருட்டு. இருட்டில் யாராலும் பிரியாணி போட்டுக்கொள்ள முடியாது அல்லவா? பேச்சுக் கலையோடு கொஞ்சம் மின்சாரமும் தேவைப்படுகிறது.

அரையும் குறையுமாக உட்கார்ந்தார்கள். பல மடிகளில் காலித் தட்டு.

'மியூட்' பத்து நிமிட நாடகம். போனின் திரை நமக்குத் தெரிவதே இல்லை. அதன் வெளிச்சம் மட்டும் அண்ணன் தங்கை முகங்களில் விழுகிறது. பேச்சு முற்றி, சொல்லக்கூடாத ஒன்றை அண்ணன் சொல்லிவிடுகிறான். தங்கை போனைத் திரும்பிப் பார்க்கிறாள். மெல்ல எழுந்து அதை நோக்கி நடக்கிறாள். வசனமே இல்லை.

அரங்கின் அமைதியை அளப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. கைதட்டலுக்கு முந்தைய அமைதி ஒன்று. கொட்டாவிக்கு முந்தைய அமைதி இன்னொன்று. இது இரண்டுமில்லை. ஒரு ஹால் நிறைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் ஒரு மிக்ஸிவரை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரியாணி அதுபாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. நான் எந்த மேடையிலும் இப்படியோர் அமைதியைச் சம்பாதித்ததில்லை.

அவள் போனை எடுத்தாளா? என்ன பார்த்தாள்? சொல்ல மாட்டேன். விளக்கு எரிந்ததும், கைதட்டுவதற்குக்கூட முன்னால், அரங்கில் பாதிப் பேர் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

பிறகு வந்த கைதட்டலில் ஜெனிஃபர் அக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

டாலஸ்காரர்களே, நியூ ஜெர்சிக்காரர்களே! இந்த மூன்றையும் உங்கள் சங்கத்தில் போடுங்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு மிக்ஸி, ஒரு போன், ஒரு ஷவல் போதும். துண்டுத் தாள் கொட்டினால் மட்டும் கூட்டுவதற்கு ஆள் வேண்டும். எங்கள் ஹாலில் கூட்டியது நான்தான்.

செல்வராஜ் அங்கிள் தன் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மைக்கை என்னிடம் நீட்டினார். "தம்பி, முடிவுரை... எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க."

ரம்யா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டாள். "டேய், வேண்டாம். எதையும் ப்ராமிஸ் பண்ணித் தொலைக்காத!"

நான் மைக்கை வாங்கினேன்.

"அவையோரே, பொங்கல் மேடையில் அந்த முக்கால் மணி நேரம் இவர்களுடையது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். முன்னுரை கிடையாது, முடிவுரை கிடையாது. நடுவில் யாராவது சாப்பாட்டை நோக்கி எழுந்தால், அப்போது மட்டும்தான் என் குரல் கேட்கும்!"