முகம் தேடிச் சீனா போன கதை

எங்கள் புகைப்பட வட்டத்தின் படங்களைப் பார்த்தால் மொன்ட்ரியாலில் முகமுள்ள மனிதர்களே இல்லையென்று நினைப்பீர்கள். எல்லாம் முதுகு. பனிக்குள் நடந்துபோகும் முதுகு, மெத்ரோப் படியில் இறங்கும் முதுகு, குடைக்குக் கீழே ஒரு சோடிச் சப்பாத்து. இதற்குக் காரணம் கலை அல்ல, பயம். கியூபெக்கில் தெருவால் போகிறவரைக் கேட்காமல் படமெடுத்து வெளியிட்டால் அவர் வழக்குப் போடலாம் என்று வட்டத்தில் ஒருவர் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து பதினொரு பேரும் ஊராரின் பின்னால் அலைகிறோம். கேட்டுவிட்டு எடுக்கலாமே என்பீர்கள். கேட்பதற்குப் பிரெஞ்சு வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். எங்களிடம் இரண்டுமே அரைகுறை.

கிழமை நாட்களில் நான் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். ஞாயிறு பின்னேரம் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் வட்டம் கூடும்போது மட்டும் கலைஞன். அங்கே நாங்கள் ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சரித்து "ம்ம்" என்போம். அந்த "ம்ம்" நீண்டால் நல்ல படம். போன வருடம் நூலகம் ஒன்று கண்காட்சி வைக்கச் சுவர் தந்தது. தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: தெருவில் முகங்கள். நாங்கள் எங்கள் முதுகுகளை வைத்துக்கொண்டு ஆளையாள் பார்த்து முழித்தோம்.

சென்னையிலிருந்து வந்து கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் வட்டத்துத் தம்பி ஒருவர்தான் வழி சொன்னார். "அண்ணா, முகம் வேணும்னா சைனா போங்க. சூசோன்னு ஒரு ஊர். பழைய கால்வாய், கல் பாலம், வீடுங்க எல்லாத்தையும் அப்படியே வெச்சிருக்காங்க. நீங்க பாட்டுக்கு எடுக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அவர் போனதில்லை. நாங்களும் அதைக் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரருக்கு முகம் இருக்கும், ஆனால் அந்த முகம்பற்றி அவர்களுக்கு ஓர் அபிப்பிராயமும் இருக்காது என்று பதினொரு படித்த மனிதர்கள் ஒருமனதாக முடிவெடுத்தோம். எங்களைப் பற்றி இங்கே யாராவது அப்படி முடிவெடுத்திருந்தால் அடுத்த நாளே கண்டனக் கூட்டம் போட்டிருப்போம்.

நான் போவதென்று முடிவானதும் மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். ஒரேயொரு நிபந்தனை.

"எங்கள் ரெண்டு பேரையும் வைச்சு ஒரு நல்ல படம் எடுக்கோணும். ஒண்டே ஒண்டு. ஹோலில மாட்ட."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஹோல் சுவரில் இருபத்திரண்டு வருடமாகத் தொங்குவது கலியாணப் படம். அதில் நான் கண்ணை மூடியிருக்கிறேன், அவள் புகைக்கு அழுதுகொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் கமராவுக்குப் பின்னால், அவள் என் பையைப் பிடித்துக்கொண்டு அதற்கும் பின்னால். "ஓம் ஓம், கட்டாயம்" என்றேன்.

சூசோவில் இறங்கிய முதல் நாளே எனக்கு எரிச்சல் பிடித்துவிட்டது. கால்வாய் இருந்தது. வெள்ளைச் சுவரும் கறுத்த ஓடும், தண்ணீரில் முட்டும் வில்லோ மரமும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பாலத்திலும் வாடகைக்கு எடுத்த அந்தக்காலத்து உடுப்போடும் கொண்டை அலங்காரத்தோடும் ஒரு பெண் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு படப்பிடிப்பாளர் முழங்காலில். அவருக்குப் பக்கத்தில் வெளிச்சம் தெறிக்கவைக்கும் வட்டத் தட்டோடு இன்னொருவர். பின்னால் அடுத்த பெண் வரிசையில். "எல்லாம் வேஷம்" என்று மனைவியிடம் சொன்னேன், பதினோராயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்து அதே பாலத்துக்காக அதே வரிசையில் நின்றபடி.

எனக்கு வேண்டியது அசல் மனிதர்கள். அதனால் பெரிய தெருவை விட்டுச் சந்துகளுக்குள் நுழைந்தேன். அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். பைஜாமாவோடு பூச்செடிக்குத் தண்ணீர் விட்டார்கள், மூங்கில் கழியில் போர்வை காயப்போட்டார்கள், வாசலில் குந்தியிருந்து கால் நகம் வெட்டினார்கள். நகம் வெட்டுகிறவரை ஒன்பது தடவை எடுத்தேன். ஒரு வீட்டுக்காரர் வாசலில் நின்று பல் தீட்டினார். என்னைக் கண்டதும் நுரையோடு கையை உயர்த்தி முகத்தை மறைத்தார். அந்தக் கை உயர்ந்த கணத்தில் அழுத்திவிட்டேன். என்ன அசைவு, என்ன உயிர் என்று எனக்கே புல்லரித்தது. அவர் ஏதோ சொல்லிக் கதவைச் சாத்தினார். சீனமொழி தெரியாதது சில நேரம் பெரிய வசதி.

மனைவி மூன்று நாளில் மூன்று தரம் கேட்டாள். முதல் தரம் வெளிச்சம் சரியில்லை என்றேன். இரண்டாம் தரம், "உம்மட ஊதா ஜாக்கெட் இந்த இடத்தோட ஒட்டாது, ஒருக்காத் தள்ளி நில்லும்" என்றேன். அவள் தள்ளி நின்றாள். மூன்றாம் தரம் "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டேன். தான் வெளிச்சத்துக்காக வரவில்லை என்று அவள் சொன்னாள். நான் அப்போது ஒரு பூனையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள், கடைசி நாள். எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டியில் வறுத்த அரிசிமாவும் ஒரு போத்தல் மாசிக்கருவாட்டுச் சம்பலும் போகும். தங்கிய விடுதியின் சமையலறையில் மனைவி காலமையே புட்டு அவித்துவிட்டாள். விடுதிக்காரி சம்பல் போத்தல் திறந்த காரத்துக்குத் தும்மித் தும்மி ஓடினாள். மத்தியானம் கால்வாய்ப் படியில் இருந்து, அலுமினியத் தாளை விரித்து, புட்டையும் வாழைப்பழத்தையும் சம்பலையும் கையால் பிசைந்து சாப்பிட்டோம். எனக்கு ஒரு செத்தல் மிளகாய் கடிபட்டது. கண்ணால் தண்ணீர் ஓட, வாயைத் திறந்தபடி நான் தவித்ததைப் பார்த்து அவள் தலையை அண்ணாந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

அப்போதுதான் எதிர்ப் படியில் ஒரு பெண் நிற்பதைக் கண்டேன். வாடகை உடுப்பு, கொண்டையில் பூ, கையில் தொலைபேசி. அது எங்களை நோக்கியிருந்தது.

எனக்குள் இருந்த கியூபெக் சட்டம் முழுவதும் எழுந்து நின்றது. புட்டுக் கையோடு பாலத்தைத் தாண்டி ஓடினேன். மொழிபெயர்ப்புச் செயலியில் இடக்கை விரலால் தட்டினேன்: அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது, நாங்கள் காட்சிப்பொருள் இல்லை, உடனே அழியுங்கள். தொலைபேசி அதைச் சீனமொழியில் கணீரென்று வாசித்தது. மூன்று நாளாய் நான் எடுத்த சனம் முழுவதும் சொல்ல நினைத்ததை அது ஒரு மூச்சில் சொல்லிமுடித்தது. பெண்ணின் முகம் சிவந்துபோனது. தலையைத் தாழ்த்தி, படத்தை எனக்குக் காட்டினாள்.

பார்த்தேன். கல் படியில் நாங்கள் இரண்டு பேர். நான் வாயைப் பிளந்துகொண்டு, கை முழுக்கப் புட்டு. அவள் சிரிக்கிறாள். சரியில்லை என்று நான் சொன்ன அதே வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருக்கிறது. ஊதா ஜாக்கெட்டுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், அவ்வளவு பொருத்தமாக. வட்டத்தில் காட்டியிருந்தால் "ம்ம்" முடிவதற்கு ஒரு நிமிடம் எடுத்திருக்கும்.

மனைவி பின்னால் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ, பொறுங்கோ. எங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ."

எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இப்போதுதானே அவ்வளவு பெரிய பேச்சுப் பேசியிருந்தேன். எந்த முகத்தோடு கேட்பது? நான் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் அழித்துவிட்டாள். நல்லாய் வளர்க்கப்பட்ட பிள்ளை. அழித்தவை கிடக்கும் பெட்டியையும் திறந்து அங்கேயும் அழித்து, வெறுமையான திரையை எனக்குக் காட்டினாள். மன்னிப்பும் கேட்டாள். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

திரும்பி வந்து படியில் இருந்தோம். மனைவி அலுமினியத் தாளை மடித்தாள். "அதில நான் வடிவாய் இருந்தனான்" என்றாள். அன்று பின்னேரம் வெளிச்சம் நன்றாயிருக்கிறது, இப்போது எடுப்போமா என்று நானே கேட்டேன். தனக்குக் கால் நோகுது என்றாள்.

கண்காட்சியில் என்னுடையவை இருபத்தாறு படங்கள். நடுவில் பெரிதாய்ப் பல் தீட்டுகிறவரின் கை. நூலகப் பொறுப்பாளர் அதற்கு முன்னால் நின்று, இந்த ஊரில் இப்படி இயல்பான முகங்களைக் காணமுடிவதில்லை என்று பிரெஞ்சில் பாராட்டினார். நான் மெர்சி சொன்னேன். மனைவி மூலையில் தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர் எல்லாப் படத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"நல்ல இடம்போல கிடக்கு. நீரும் கூடப் போனனீரோ?"

மனைவி கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றி முடித்தாள். "இல்லையக்கா" என்றாள், "இவர் தனியத்தான் போனவர்."

பக்கத்தில் நின்ற நான் மறுக்க வாயைத் திறந்தேன். எடுத்துக் காட்ட அவள் இருக்கிற ஒரு படமும் என்னிடம் இருக்கவில்லை.